ரேடியோ கண்டக்டர் சொன்ன பத்துப் படி

எங்கள் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் பார்ப்பது என் அப்பாவைத்தான். டவுனில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், தோளில் தோல் பையும் கையில் டிக்கெட் மெஷினுமாக அவர் வந்து நிற்பார். மற்ற கண்டக்டர்கள் "எங்க போகணும்?" என்று கேட்பார்கள். அப்பா "என்ன பாக்கணும்?" என்று கேட்பார்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியாது.

"குழந்தைங்க இருக்கா? ஏரிக்குப் போங்க. பெடல் போட்டுல வாத்து மாதிரி ஒண்ணு நிக்கும், அதுல ஏறாதீங்க, கழுத்து ஆடுது. மஞ்சள் போட்டாப் பாத்து ஏறுங்க. கல்யாணம் ஆகிப் புதுசா? தொங்குபாலத்துல இறங்கிக்குங்க. நடந்தா ஆடும். பயமா இருந்தா கையைப் பிடிச்சுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அருவிக்குப் பத்து மணிக்கு மேல போங்க, அப்பத்தான் வெயில் தண்ணி மேல விழும். ரொம்ப நடக்க முடியாதவங்களா? அப்ப பார்வைப் பாறை. பஸ் பக்கத்துலேயே நிக்கும். பத்துப் படி ஏறினா மொத்தப் பள்ளத்தாக்கும் உள்ளங்கைல வெச்ச மாதிரி."

டிரைவர் மாமா அவருக்கு வைத்த பெயர் ரேடியோ. பதினான்கு வருஷமாக இருவரும் ஒரே வண்டி. "எல்லா ரேடியோவுக்கும் நிறுத்தறதுக்கு ஒரு திருகு இருக்கும். இதுக்கு மட்டும் வைக்க மறந்துட்டாங்க" என்று டிரைவர் மாமா சொல்வார். இப்போது டிப்போவில்கூட அந்தப் பெயர்தான். ஒரு தடவை விடுமுறைப் பட்டியலிலேயே அப்படி எழுதிவிட்டார்கள்.

அப்பா இந்தத் தடத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. டவுனிலிருந்து சாலை முடியும் இடம் வரை பதினாலு வளைவுகள். வாந்தி எடுக்கிற பயணிகளைச் சமாளிக்க வேண்டும் என்பதால் அப்போது யாருமே இந்தத் தடத்தைக் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருஷமான அப்பாவின் தலையில் கட்டினார்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை மேலே, மூன்று முறை கீழே. மூன்றாவது சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியில் இடது இடுப்பைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்பார். அந்தக் கம்பி அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அவருடைய சட்டைகள் எல்லாமே பை வார் உராய்கிற இடத்தில்தான் முதலில் கிழியும். அம்மா அங்கே உள்பக்கமாக ஒரு துண்டுத்துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள்.

அவர் சொல்வதெல்லாம் சும்மா வாய்க்கு வந்ததும் இல்லை. அவருக்கு ஒரு முறை இருந்தது. காலையில் ஏறுகிறவர்களிடம் சொல்வார். சாயங்காலம் அவர்களே இறங்கி வரும்போது ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்பார். "எப்படி இருந்துச்சு? தண்ணி நிறைய வருதா? பாலத்துல பலகை சரியா இருக்கா? டீக்கடை திறந்திருக்கா?" அவர்கள் சொல்வதைப் பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். மறுநாள் காலை அது புதியவர்களுக்குப் போகும். இப்படி இருபத்திரண்டு வருஷம். ஏரியில் எந்தப் படகின் கழுத்து ஆடுகிறது என்பது வரை அவருக்குத் தெரிந்தது இதனால்தான். "ரேடியோ சொன்னா சரியா இருக்கும்" என்று விடுதிக்காரர்களே ஆட்களை அவரிடம் அனுப்புவார்கள்.

அவர் எப்போது அங்கெல்லாம் போய்ப் பார்த்தார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அந்த இடங்களுக்குப் போவதில்லை. அதெல்லாம் வெளியூர்க்காரர்கள் பார்க்கிற இடம் என்று இருந்துவிட்டோம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. எனக்குப் பரீட்சை முடிந்து, முடிவு வராத காலம். வீட்டில் உட்கார்ந்தால் சுவர்கள் கிட்டே வருவது போல இருந்ததால் அப்பாவின் பஸ்ஸில் மேலே போய்விட்டு வரலாம் என்று இரண்டரை மணி வண்டியில் ஏறியிருந்தேன். அது அன்றைக்கு மேலே போகிற கடைசி வண்டி. அதுவே ஐந்தேகாலுக்குத் திரும்பும். அதற்குப் பிறகு கீழே வர வழி கிடையாது.

எனக்கு முன் சீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும். அண்ணனுக்கு அறுபத்தைந்து இருக்கும். கையில் ரப்பர் முனை வைத்த கைத்தடி. வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து ஐந்து மாதம் ஆகிறதாம். தங்கைக்கு அறுபது இருக்கலாம். கூடை போன்ற பெரிய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்கிறவர்.

"படி எத்தனை தம்பி?"

"பத்துதான்கா. அதிகம் போனா பன்னண்டு."

"பத்தா, பன்னண்டா? சரியாச் சொல்லுங்க. இவருக்கு டாக்டர் படியே ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"டாக்டர் அப்படிச் சொல்லல" என்றார் அண்ணன். "பாத்து ஏறுங்கன்னு சொன்னாரு. ஐஞ்சு மாசமா ஜன்னல் வழியா எதிர் வீட்டுச் சுவரையே பாத்துட்டிருக்கேன் சார். எங்கயாவது உயரத்துல நின்னு தூரமாப் பாக்கணும். அவ்வளவுதான் என் ஆசை."

"அப்ப கண்ணை மூடிட்டுப் போங்க சார். பத்துப் படி. உச்சில போய் நின்னா தூரம்னா என்னன்னு தெரியும். சாயங்காலம் அஞ்சரைக்கு இதே வளைவுல நில்லுங்க, நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம்."

மூன்று இருபதுக்கு அவர்கள் வளைவில் இறங்கினார்கள். அப்பாவே கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

திரும்பி வரும்போது அங்கே யாரும் நிற்கவில்லை.

டிரைவர் மாமா ஹார்ன் அடித்தார். சத்தம் எதிர்ப்பக்க மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அப்பா இறங்கி, வாயைக் கையால் குவித்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. வண்டியில் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மேல் கிராமத்திலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் நர்ஸ் அக்கா. ஏழு மணிக்கு அவர் டியூட்டி மாற்ற வேண்டும்.

"நடந்து போயிருப்பாங்க" என்றார் ஒருவர்.

"கைத்தடியோடவா? பதினெட்டு கிலோமீட்டரா?" என்றார் டிரைவர் மாமா. அப்புறம் அப்பாவைப் பார்த்து, "யோவ், பத்துப் படிதானே? ஓடிப் போய்ப் பாத்துட்டு வா. ரெண்டு நிமிஷம்."

"பதினஞ்சு நிமிஷம் பொறுப்பேன் அண்ணே" என்று நர்ஸ் அக்கா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அதுக்கு மேல ஆச்சுன்னா அங்க ஒருத்தி நின்னபடியே நின்னுட்டிருப்பா."

நான் அப்பாவோடு இறங்கினேன். வேலியின் இடைவெளியில் கல் படிகள் தொடங்கின. பத்துப் படி ஏறியதும் கட்டில் அளவு ஒரு சமதளம். அப்பா அங்கே நின்று நிமிர்ந்து பார்த்தார். பாறையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. படிகள் இடது பக்கம் திரும்பி, மரங்களுக்கு நடுவே மேலே மேலே போய்க்கொண்டிருந்தன.

நான் திரும்பிச் சாலையைப் பார்த்தேன். பஸ்ஸின் மூன்றாவது ஜன்னல் எங்களுக்கு நேராக இருந்தது. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் வேலிக்கு உள்ளே எத்தனை படி தெரியுமோ அத்தனையைத்தான் நாங்கள் ஏறியிருந்தோம்.

"அப்பா, நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்ததே இல்லையா?"

"எப்ப வர்றது?" என்றார். கோபம் எதுவும் இல்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டது போல இருந்தது.

ஏறினோம். இருபத்திரண்டு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றவருக்குப் படி ஏறிப் பழக்கமில்லை. நாற்பதாவது படியில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எழுபதில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க கீழ போங்க, நான் பாக்கறேன்" என்றேன். கையை மட்டும் ஆட்டினார், பேச மூச்சில்லை. நூற்றிருபதுக்கு மேல் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த மனிதர் எங்காவது விழுந்து கிடப்பாரோ என்ற நினைப்பு வந்ததும் எண்ணிக்கை மறந்துபோயிற்று. அப்பாவுக்கும் அதே நினைப்புத்தான் என்று அவர் கால் வைத்த வேகத்தில் தெரிந்தது.

ஒரு திருப்பத்தில் குரல் கேட்டது.

"வாங்க தம்பி. நீங்க சொன்ன பத்தாவது படி இதுதான். நூத்தி எண்பத்தாறு."

தங்கை படியின் ஓரத்தில் நின்றிருந்தார். அண்ணன் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். வலது கால் நீட்டியபடி இருந்தது, செருப்பு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. முழங்கால் மடங்கவில்லையாம். முக்கால் மணி நேரமாக அப்படியேதான் இருக்கிறார். அவரைத் தனியே விட்டுவிட்டு இறங்க அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

அப்பா இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "மன்னிச்சுக்குங்க" என்பது மூன்று துண்டாக வந்தது.

"ஒவ்வொரு திருப்பத்துலயும் சொன்னேன், அண்ணா போதும், இறங்கலாம்னு. கேட்டாத்தானே? 'கண்டக்டர் பத்துன்னாரு, இதோ வந்துரும், இதோ வந்துரும்'னே ஏறினாரு. யார் சொன்னதையும் நம்பாத மனுஷன், உங்களைப் போய் நம்பினாரு."

"விடு" என்றார் அண்ணன். முகம் வெளுத்திருந்தாலும் குரல் நிதானமாக இருந்தது. "சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இன்னும் எத்தனை படி இருக்கு?"

அப்பா மேலே பார்த்தார். பொய் சொல்ல ஒரு நொடி போதும். "தெரியாது சார். நான் போனதில்ல" என்றார்.

அண்ணன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் கீழிருந்து நர்ஸ் அக்கா வந்துவிட்டார். "பதினஞ்சு நிமிஷம்னு சொன்னேன், இருபத்திரண்டு ஆச்சு" என்று திட்டிக்கொண்டே வந்தவர், முழங்காலைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்தினார். தொட்டுப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலில் துண்டை நனைத்துக் கட்டினார். சுற்றியிருந்த தசையை மெல்லப் பிடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கால் பாதி மடங்கியது.

"எலும்புக்கு ஒண்ணும் ஆகல. வீங்கியிருக்கு. இறங்கும்போது வலிக்கிற காலை முதல்ல வைங்க, அப்புறம் நல்ல கால். அவசரமே வேண்டாம். ஏழு மணி போனா போகட்டும்."

அப்பா அவருக்கு ஒரு படி கீழே, அவரைப் பார்த்தபடி நின்றுகொண்டார். பின்பக்கமாகவே இறங்கினார். "விழுந்தா என் மேல விழுங்க சார்."

"நல்ல மெத்தையாத்தான் இருக்கீங்க" என்றார் அண்ணன்.

நூற்று எண்பத்தாறு படியும் அப்படித்தான் இறங்கினோம். அப்பாவின் முதுகுப்பக்கம் படி எங்கே இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த அம்மா பின்னாலிருந்து எண்களைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நூறு வந்ததும் எல்லோரும் உட்கார்ந்தோம். மரங்களுக்கு நடுவே ஒரு துண்டு ஆறு தெரிந்தது.

பஸ் கிளம்பும்போது ஐம்பது நிமிஷம் தாமதம். அண்ணனை முன் சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்துவிட்டு அப்பா விசில் கொடுத்தார். பிறகு தன் கம்பியில் சாயாமல், நடுவில் நின்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"என்னாலதான் உங்களுக்கு லேட். பத்துப் படின்னு நான்தான் சொன்னேன். நான் அங்க போனதில்ல. அருவிக்கும் போனதில்ல, பாலத்துக்கும் போனதில்ல. ஏரியை பஸ்ஸிலேர்ந்துதான் பாத்திருக்கேன்."

"நான் மட்டும் போயிருக்கேனா?" என்றார் டிரைவர் மாமா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்கு அந்தப் படிக்குப் பக்கத்து ஊரு" என்றார் நர்ஸ் அக்கா. "இன்னைக்குத்தான் காலே வெச்சேன்."

அந்த அம்மா மட்டும் சமாதானமாகவில்லை. "போகாத இடத்துக்கு எந்த தைரியத்துல தம்பி ஆளை அனுப்புறீங்க?"

"போனவங்க சொன்னாங்கக்கா. 'சும்மா பத்துப் படிதான்'னு ஒரு பையன் சொன்னான், கேமரா மாட்டிட்டு வந்தவன். நானும் தினமும் ஜன்னல்ல பத்துப் படியைப் பாக்கறேனா, சரிதான்னு நினைச்சுட்டேன். அப்புறம் வந்தவங்க சிலபேர் 'படி கொஞ்சம் ஜாஸ்தி'ன்னாங்க. டவுன்காரங்க அப்படித்தான் சொல்வாங்கன்னு விட்டுட்டேன்."

வீட்டில் அம்மாவிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஒரு விடுதியின் சலவை அறையில் வேலை செய்கிறாள். ஒரு நாளைக்கு எண்பது படுக்கை விரிப்பு மடிப்பாள். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாறைக்குப் போறவங்க எல்லாரும் திரும்பி வந்ததும் பக்கெட்ல சுடுதண்ணி கேப்பாங்க, காலை வைக்க. அருவிக்குப் போனவங்க கேக்க மாட்டாங்க. பாறைக்காரங்கதான். எத்தனை வருஷமா நடக்குது."

"இதை ஏன் நீ என்கிட்ட சொல்லல?" என்றார் அப்பா.

"நீங்க பஸ்ஸுல இறங்கறவங்களை எல்லாம் கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?"

மறுநாள் டிப்போவிலிருந்து மெமோ வந்தது. வழியில் வண்டியை நிறுத்தியதற்கும், கண்டக்டர் வண்டியை விட்டு இறங்கிப் போனதற்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அப்பா மூன்று முறை எழுதினார். முதலாவது நான்கு பக்கம் வந்தது, கிழித்தார். கடைசியாக எழுதியதில் நான்கே வரிகள்: பயணிக்குத் தவறான தகவல் கொடுத்தது நான். அவர் நடக்க முடியாமல் சிக்கிக்கொண்டதற்கு அதுவே காரணம். அவரைத் தேடிப் போக முடிவு செய்ததும் நானே. டிரைவருக்கு இதில் பொறுப்பு இல்லை.

மெமோவைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வேறொன்றுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அவர் "எங்க போகணும்?" என்று கேட்டார்.

டிரைவர் மாமாவே எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். "நாள் பூரா வாயே திறக்கலம்மா. டிக்கெட் கொடுக்கறான், விசில் அடிக்கறான். ஒரு பொண்ணு, 'அண்ணா, இங்க என்னெல்லாம் பாக்கலாம்?'னு கேக்குது, 'தெரியலைங்க'ங்கறான். பதினாலு வருஷமா நிறுத்துடா நிறுத்துடான்னு கத்தினேன். இப்ப நிறுத்திட்டான், எனக்கு வளைவுல தூக்கம் வருது."

இந்த வேலையில் டிக்கெட் கொடுப்பதற்கு ஒரு மெஷின் போதும் என்று அப்பாவே பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவர் செய்தது இந்த ஒன்றுதான். இனிமேல் அதைச் செய்ய வாய் வருமா என்றுதான் வீட்டில் எல்லோரும் பயந்தோம். இரவு சாப்பாட்டில் அம்மா வேண்டுமென்றே விடுதிக் கதைகளைச் சொன்னாள். அப்பா சோற்றைப் பார்த்தபடி "ம்" என்றார்.

சனிக்கிழமை இரண்டரை மணி வண்டியில் நானும் போனேன். அவரைப் பார்த்துக்கொள்ள என்று சொல்லவில்லை. சும்மா என்று சொன்னேன். வண்டி கிளம்பப் போகும்போது கைத்தடி ஒன்று படியில் வந்து ஊன்றியது. பின்னால் பெரிய கைப்பை.

"நாளைக்கு ஊருக்குப் போறோம்" என்று அந்த அம்மா எங்கள் எல்லோருக்குமாகச் சொன்னார். "ரூம்ல இரு, காலை நீட்டிப் படுன்னா கேட்டாத்தானே?"

அண்ணன் உட்கார்ந்து, கைத்தடியை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டார். "சொல்லுங்க சார். இன்னைக்கு எங்க போகலாம்?"

"தெரியலை சார்" என்றார் அப்பா.

"அப்படிச் சொன்னா எப்படி? எனக்கு இந்த ஊர்ல வேற யாரையும் தெரியாதே. நீங்க உங்க காலால போன இடம் ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணு இருக்குமில்ல?"

அப்பா கம்பியில் சாய்ந்து நின்றார். முதல் வளைவு போயிற்று. இரண்டாவது, மூன்றாவது போயிற்று. நாலாவது வளைவில் திரும்பும்போது சொன்னார்.

"கடைசி ஸ்டாப்புக்குப் பின்னால ஆத்தோரமா ஒரு கல் இருக்கு. நானும் டிரைவரும் உக்காந்து சாப்பிடுவோம். அவ்வளவுதான். அது ஒரு இடம் எல்லாம் இல்ல."

"படி எத்தனை?" என்றார் அந்த அம்மா உடனே.

"படி இல்லக்கா. வண்டிலேர்ந்து நாப்பது தப்படி. புல் தரை. ஒரே ஒரு எடத்துல முழங்கை அளவு பள்ளம், அங்க பலகை போட்டிருக்கோம். பலகை ஆடாது, நான் தினமும் அதுலதான் போறேன்."

"நாப்பதா, நாப்பத்தஞ்சா?"

"நாப்பது. உங்க நடைக்கு அம்பது."

மேலே போனதும் அந்த அம்மா எண்ணிக்கொண்டேதான் நடந்தார். நாற்பத்தெட்டு வந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கல் இரண்டு கட்டில் அகலம் இருக்கும். ஒரு பக்கம் சாய்ந்துகொள்ள வசதியாக இன்னொரு பாறை. கீழே கணுக்கால் அளவுத் தண்ணீர், மணல் தெரிகிற தெளிவு. அப்பா அண்ணனை உட்கார வைத்து, செருப்பைக் கழற்றி, காலைத் தண்ணீரில் வைத்தார். பள்ளத்தாக்கு முழுவதும் அங்கிருந்து தெரியவில்லைதான். ஆனால் ஆறு வந்த வழியாகக் கண்ணை ஓட்டினால் மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக விலகி, கடைசியில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது.

"அது எவ்வளவு தூரம் சார்?" என்று அண்ணன் கேட்டார்.

"அது தெரியாது" என்றார் அப்பா. பிறகு, "ஆனா மத்தியானத்துல அந்தக் கோடு தெரியாது. இந்த நேரத்துலதான் தெரியும். மழை வர்றதுக்கு முந்தின நாள் ரொம்பக் கிட்ட வந்த மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த மலையோட நிழல் தண்ணிக்குள்ள இறங்கும் பாருங்க. முதல்ல அந்தக் கரை, அப்புறம் நடு ஆறு. நம்ம கால் கிட்ட வரும்போது தண்ணி சட்டுனு குளுந்துரும். நாலேகாலுக்கு எதிர்ல அந்தக் கம்புல ஒரு மீன்கொத்தி வந்து உக்காரும்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

டிரைவர் மாமா ரொட்டியையும் வாழைப்பழத்தையும் எல்லோருக்கும் பங்கு போட்டார். மணி நாலேகால் ஆயிற்று. நாலு இருபது ஆயிற்று. அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் வியர்வை துளிர்த்திருந்தது. சின்ன விஷயம்தான். ஆனால் இந்த முறையும் பொய்த்தால் அவர் அதோடு வாயை மூடிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

நாலு இருபத்தேழுக்கு நீலமாக ஒன்று தண்ணீரை ஒட்டிப் பறந்து வந்து, கம்பில் உட்கார்ந்தது.

"பன்னண்டு நிமிஷம் லேட்" என்றார் டிரைவர் மாமா. "மெமோ கொடுக்கணும்."

அண்ணன் சிரித்த சிரிப்பில் தண்ணீர் தெறித்தது. பறவை மட்டும் அசையவில்லை. அந்த அம்மாவும் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு காலைத் தண்ணீரில் விட்டார்.

"இதை ஏன் தம்பி அன்னைக்கே சொல்லல?"

"இதுக்கெல்லாம் யாராவது வருவாங்களாக்கா? சோறு தின்ற இடம்."

"எங்க அண்ணன் முகத்தைப் பாருங்க" என்றார் அந்த அம்மா. நிழல் எங்கள் கால்வரை வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் அப்பா சொன்ன மாதிரியே சட்டென்று குளிர்ந்தது.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு வார விடுமுறை. வழக்கமாகப் பத்து மணிவரை தூங்குவார். அன்று ஐந்தரைக்கே எழுந்து தண்ணீர் பாட்டில் நிரப்பினார். அம்மா எங்கே என்று கேட்டாள். "எண்ணிட்டு வந்துடறேன்" என்றார். அம்மா விடுதிக்குப் போன் செய்து அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அவளும் கிளம்பினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து பயணிகளாக அந்த பஸ்ஸில் ஏறியது அன்றுதான் முதல் தடவை என்று டிரைவர் மாமா சொன்னார். மாற்று கண்டக்டர் அப்பாவிடம் "எங்க போகணும்?" என்று கேட்டபோது அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம்.

புதன்கிழமை காலை முதல் வண்டியில் அப்பாவுக்கு மறுபடி டியூட்டி. கைக்குழந்தையோடு ஒரு கணவனும் மனைவியும் ஏறியிருந்தார்கள். பார்வைப் பாறை எப்படி என்று அவர்களே கேட்டார்கள்.

"முன்னூத்திப் பன்னண்டு படி" என்றார் அப்பா. "நேத்து எண்ணினேன். என் பொண்டாட்டி எண்ணினதுல முன்னூத்திப் பதினொண்ணு. நூத்தி எண்பத்தாறாவது படில உக்கார ஒரு கல் இருக்கு. அதுக்கு மேல நிழலே கிடையாது, குடை வேணும். நாங்க போனப்ப ஒரே மூடுபனி, பாதிதான் தெரிஞ்சுது. அந்தப் பாதி நல்லா இருந்துச்சு."

"அருவி?"

"அதைப் பத்தி போனவங்க நல்லாச் சொல்றாங்க. நான் இன்னும் பாக்கல. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் போறேன்."

கணவன் மனைவியைப் பார்த்தார். மனைவி மடியில் தூங்குகிற குழந்தையைப் பார்த்தார்.

"பாறைக்கே ரெண்டு கொடுங்க."

அப்பா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். "குழந்தையை யார் தூக்கறதுன்னு இங்கயே பேசி முடிச்சுக்குங்க. நூறாவது படில நின்னு சண்டை போட்டா பறவையெல்லாம் ஓடிடும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.